பன்றிக்கு வைத்த பிரசவ மருந்து

“குழந்தை எங்கீங்க?”

வாசலில் நின்றுகொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி அது.

நான் உரலில் சுக்கு இடித்துக்கொண்டிருந்தேன். மீசையிலெல்லாம் சுக்குப் பொடி. திரும்பிப் பார்த்தால் வெள்ளச்சி நிற்கிறாள். எனக்குப் பேசி, வெற்றிலை மாற்றி, ஆனி முடிவதற்குள் கல்யாணம் என்று முடிவு செய்திருந்த பெண். ஆலத்தூர் நாட்டிலிருந்து எங்கள் திண்ணனூர் நாட்டுக்கு மலைச்சரிவில் ஏறி இறங்கி வந்திருக்கிறாள். எங்கள் கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. துணைக்கு அவளுடைய சின்னம்மா. இரண்டு பேர் முழங்காலிலும் ஒட்டுப்புல்.

“எந்தக் குழந்தை?” என்றேன்.

“உங்க குழந்தைதானுங்க. ஆம்பளையா, பொம்பளையா?”

உலக்கை என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நகம் போயிற்று. பிறகு முளைத்த நகம் இன்றுவரை கோணலாகத்தான் இருக்கிறது.

“பொய் சொல்ல வேண்டாமுங்க” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “மாமனுங்க பேச்சை முறிச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. நான்தான் கண்ணால பாத்துட்டு வாரேன், அப்பறம் முறிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு உள்ள இருக்குதுங்களா?”

எங்கள் வீட்டில் அப்போது இருந்தவர்கள் நானும் என் அப்பாவும்தான். அப்பாவை இந்தத் தொடரில் முன்பே சிலர் பார்த்திருப்பீர்கள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அம்மா போன பிறகு, ஒரு வார்த்தையில் முடிகிற இடத்தில் அரை வார்த்தை பேசுகிற மனிதராகிவிட்டார். பெண் வாசனையே இல்லாத அந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி படுத்திருக்கிறாள் என்று இரண்டு நாடும் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையை வளர்த்த பெருமை முழுக்க என்னையே சேரும்.

நாலு தோள் பன்றி

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் கல்யாண விருந்துக்குப் பன்றி கொண்டுபோக வேண்டும். காலைக் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, தோளில் சுமந்து பெண்ணின் ஊருக்குப் போவார்கள். இரண்டு பேர் சுமந்து வந்தால் அது இரண்டு தோள் பன்றி. நாலு பேர் சுமந்தால் நாலு தோள் பன்றி. பெண்ணின் தாய்மாமன்மார் ஊர் எல்லையில் நின்று முதலில் பார்ப்பது மாப்பிள்ளையின் முகத்தை அல்ல, மூங்கில் எத்தனை வளைந்திருக்கிறது என்பதைத்தான்.

வெள்ளச்சியின் மூத்த மாமன் சடையன் கவுண்டர், வெற்றிலை மாற்றிய அன்றே சொல்லிவிட்டார். “எங்கூட்டுப் பொண்ணுக்கு ரெண்டு தோளு வந்ததா இதுவரைக்கும் பேச்சில்லை.”

நான் நெஞ்சை நிமிர்த்தி, “நாலு தோளுங்க” என்றேன். கேட்காமல் வாக்குக் கொடுப்பது அந்த வயதில் எனக்கு இருந்த வியாதி.

என்னிடம் அப்போது இருந்தது ஒரு குட்டி. குட்டி என்று சொல்ல முடியாத வயது, பன்றி என்று சொல்ல முடியாத உடம்பு. முதுகெலும்பு தெரியும். வயிறு மட்டும் தொங்கும். மற்றவர்கள் வீட்டுப் பன்றிகள் தொட்டியில் தலையை விட்டால் காலியாகும்வரை எடுக்காது. என்னுடையது ஒரு வாய் தின்றுவிட்டு வானத்தைப் பார்க்கும்.

அப்பா பார்த்துவிட்டு, “பூச்சி” என்றார். அவருடைய வைத்தியம் அதோடு முடிந்தது. என்னுடையது அங்கேதான் ஆரம்பித்தது.

நான் வைத்தியனான கதை

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அடிவாரத்தில் ராவுத்தர் ஒருவர் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். மலையில் கிடைக்கிற கடுக்காய், நெல்லிமுள்ளி, மிளகு, வேர், பட்டை எல்லாம் அவர் கடைக்குத்தான் இறங்கும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷங்களாக நான் அந்தக் கடைக்கு மூட்டை சுமந்தவன்.

மூட்டை சுமந்தவன் என்ன செய்ய வேண்டும்? இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். நான் கடை ஓரத்தில் உட்கார்ந்து, எந்த வியாதிக்கு எந்தப் பொட்டலம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி கேட்டதும் முழுதும் தெரிந்துவிட்டதாகத் தலையை ஆட்டினேன். மலைக்குத் திரும்பியதும் யாராவது இருமினால் நாடி பிடிக்கக் கையை நீட்டுவேன். அவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள்.

மனிதர்கள் என் வைத்தியத்துக்கு இணங்கவில்லை. பன்றிக்கு வேறு வழியில்லை.

வயிற்றைச் சுத்தம் செய்யாமல் எந்த மருந்தும் ஏறாது என்று கடையில் காதில் விழுந்திருந்தது. அதனால் கடுக்காயை இடித்துத் தவிட்டில் கலந்தேன். எவ்வளவு என்று காதில் விழவில்லை. கை கொண்ட மட்டும் போட்டேன். அடுத்த நாள் பன்றி எழுந்திருக்கவில்லை. பட்டியைக் கழுவிக் கழுவி நானும் நிமிர முடியவில்லை. கொஞ்சநஞ்சம் இருந்த உடம்பும் போய், அது அரைத் தோள் பன்றியாகிவிட்டது.

அப்பா பட்டிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். “பூச்சி போயிருச்சு” என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, “பன்னியும் போயிரும்” என்றார்.

நான் தளரவில்லை. பிறகு குப்பைமேனியும் நிலவேம்பும் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் பசி மட்டும் வரவில்லை. பசி வந்தால் தின்னும், தின்றால் பெருக்கும். என் வைத்திய சாஸ்திரம் மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

பசியைக் கிளப்ப எது? சுக்கு, திப்பிலி, ஓமம், மிளகு, பூண்டு, பெருங்காயம், மஞ்சள். இவற்றை வறுத்து இடித்து, நல்லெண்ணெயில் கிளறி, கேழ்வரகுத் தவிட்டில் உருட்டி வைத்தால் கல்லுக்கும் பசிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதே சரக்கைத்தான் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. அம்மா என்னைப் பெற்றபோது நான் கவனிக்கவில்லை.

ராவுத்தரின் கருப்பட்டி

யுத்த காலம் அது. யுத்தம் எங்கே நடக்கிறது என்று மலையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மண்ணெண்ணெய் கிடைக்காததாலும் பெருங்காயம் குதிரைக் கொம்பானதாலும் எங்கோ நடக்கிறது என்று நம்பினோம்.

ராவுத்தர் கடையில் போய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் எடுத்துவைக்க வைக்க, முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“ஊட்ல விசேஷமா கண்ணு?”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மருந்தின் பேரை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வேர் பிடுங்கப் போகிறவன் வழியில் யார் கேட்டாலும் வாய் திறக்கமாட்டான். என்ன மருந்து, யாருக்கு, எதற்கு, எதுவும் சொல்லக் கூடாது. பரம்பரை வைத்தியர்கள் வேண்டுமானால் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். என்னைப் போலப் புதிதாக முளைத்தவன் ஒரு எழுத்துகூட விடமாட்டான்.

ஆகையால் நான் புன்னகை செய்தேன்.

“மொதல் பிரசவமா?” என்றார்.

மறுபடியும் புன்னகை செய்தேன்.

“அல்லா காப்பாத்துவான். பயப்படாத” என்று சொல்லி, இருப்பிலிருந்த கொஞ்சம் பெருங்காயத்தையும் எனக்கே கட்டினார். பிறகு உள்ளே போய்ப் பனங்கருப்பட்டி ஒன்று கொண்டுவந்து தந்தார். “இதுக்குக் காசு வேண்டாம் சாமி. பெத்தவளுக்கு நான் குடுத்ததா குடு.”

வாங்கிக்கொண்டேன். நல்ல மனிதரின் நல்ல கருப்பட்டி. பாதியைப் பன்றிக்கும் பாதியை எனக்குமாகப் பங்கிட்டேன். பெத்தவளுக்கு என்று யாரும் இல்லாததால் வேறு வழி தோன்றவில்லை.

வாசம் போன வழி

மருந்து வேலை செய்தது. அந்த ஆணவத்தை இன்னும் என்னால் விட முடியவில்லை. சில நாட்களிலேயே பன்றி தொட்டியை நக்க ஆரம்பித்தது. மருந்து வறுக்கிற வாசம் வந்தால் பட்டிக் கதவை முட்டும். எனக்கும் பசி கூடியது. மருந்தின் பக்குவம் சரியா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு உருண்டை நான் தின்று பார்ப்பேன். கடைசியில் இரண்டு பேரில் யார் அதிகம் தேறினார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

காலையில் ஓமமும் பூண்டும் வறுத்தால் வாசம் பள்ளத்தைத் தாண்டிப் போகும். எதிர் வீட்டு ராமாயி அக்கா ஒரு நாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று மூக்கைச் சுளித்தாள்.

“ஏன் கண்ணு, என்ன காய்ச்சறே?”

“ஒண்ணுமில்லீங்க அக்கா.”

“யாருக்கு?”

“யாருக்கும் இல்லீங்க.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம் போனாள். அப்பா மரம் சீவிக்கொண்டிருந்தார். “பையன் சமாச்சாரம்” என்றார். “என்னைக் கேக்காத.”

இதைவிடத் தெளிவாக ஒரு தகப்பன் ஒத்துக்கொள்ள முடியுமா?

அதே வாரம் மிளகு கொண்டுபோன ஆலத்தூர் நாட்டுக்காரர்களிடம் ராவுத்தர், தாயும் பிள்ளையும் சுகமா என்று என் வீட்டைப் பற்றி அக்கறையாக விசாரித்திருக்கிறார். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ராவுத்தர் பேச்சும் ராமாயி அக்கா பேச்சும் சடையன் கவுண்டர் வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டன. ஒன்று மருந்து வாங்கியதற்குச் சாட்சி, இன்னொன்று மருந்து காய்ச்சியதற்குச் சாட்சி. இனி குழந்தை ஒன்றுதான் பாக்கி. அதைப் பார்க்கத்தான் வெள்ளச்சி வந்து வாசலில் நின்றாள்.

தின்னாத பன்றி

“உள்ள வந்து பாரு புள்ள. மூலை முடுக்கெல்லாம் பாரு” என்றேன், ஒற்றைக் காலில் நின்றபடி.

அவள் பார்த்தாள். குதிருக்குப் பின்னாலும் பார்த்தாள். சின்னம்மா கூரைப் பரணில் ஏணி வைத்துப் பார்த்துவிட்டு, எதிர் வீட்டு ராமாயி அக்காவிடம் மேற்கொண்டு விசாரிக்கப் போய்விட்டாள்.

“எங்கியோ அனுப்பிட்டீங்க” என்றாள் வெள்ளச்சி.

இதற்குமேல் மறைக்க முடியாது என்று புரிந்தது. “பன்னிக்குத்தான் புள்ள. மருந்தெல்லாம் பன்னிக்கு.”

அவள் என்னையே பார்த்தாள். “திப்பிலியா? பன்னிக்கா?”

“ஆமா.”

“பெருங்காயம்?”

“அதுவும்.”

“இதுக்கு, புள்ள இருக்குதுன்னே சொல்லியிருக்கலாமுங்க. நம்பற மாதிரியாவது இருக்கும்.”

பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தொட்டியில் மருந்துத் தவிட்டைக் கொட்டினேன். தினமும் கதவை உடைக்கிற பன்றி அன்றைக்கு மோந்து பார்த்தது, தும்மியது, பக்கவாட்டில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. பலாப்பழக் காலம். விடியற்காலையில் வெளியே போய், யார் வீட்டு மரத்தடியிலோ விழுந்த பழத்தை மூக்கு முட்டத் தின்றுவிட்டு வந்திருக்கிறது.

“திங்கலையே” என்றாள்.

“திங்கும். தினமும் திங்கும்.” பதற்றத்தில் ஒரு உருண்டையை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். “பாரு, நல்லாத்தான் இருக்குது.”

பன்றித் தொட்டியிலிருந்து எடுத்துத் தின்கிற மாப்பிள்ளையை அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தாள். “அது எந்திரிக்கற வரைக்கும் இருக்கறேன். தின்னா நம்பறேன். திங்கலைன்னா நான் போறேன், நீங்க அந்தப் பொண்ணையே வெச்சுக் காப்பாத்துங்க.”

என் கல்யாணம் ஒரு பன்றியின் பசியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பசிக்க வைக்கத்தான் நான் மாதக் கணக்கில் பாடுபட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து அது ஏப்பம் விட்டது.

அதற்குமுன் அவளோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை. வெயில் ஏறியது. பலா மரத்து நிழல் அவளைவிட்டு நகர, கல்லையும் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னென்ன போட்டீங்க, எல்லாம் சொல்லுங்க.”

“சொன்னா பலிக்காது புள்ள.”

“பன்னி காதுல விழாம சொல்லுங்க. இந்தப் பக்கம் வாங்க.”

போனேன். சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள். “எங்க அக்காளுக்குப் புள்ள பொறந்தப்ப நான்தான் இடிச்சேன். கருப்பட்டி போடலீங்களா?”

“போட்டேன். ராவுத்தர் சும்மா குடுத்தாரு.”

“எதுக்கு?”

“பெத்தவளுக்குன்னு.”

“அதை வாங்கிக்கிட்டீங்க?”

“ஆமா.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கலங்கிப்போனேன். அந்தப் பெண்ணை அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போயிருந்தது. அதுவரை அவள், நாலு தோள் பன்றியை எடுத்துப்போய்ச் சேர்க்க வேண்டிய இடமாக மட்டும்தான் இருந்தாள்.

“பன்னி எப்படி இருக்குது?” என்று பேச்சை மாற்றினேன்.

அவள் எழுந்துபோய் அதன் முதுகை ஜாணால் அளந்து, தொடையை அமுக்கிப் பார்த்தாள். “ரெண்டு பேரு தூக்கிட்டு, வழியெல்லாம் கதை பேசிக்கிட்டே வருவாங்க.”

வெயில் சாய்ந்த பிறகுதான் பன்றி எழுந்தது. உடம்பை உதறியது. தொட்டியைப் பார்த்தது. எங்களையும் பார்த்தது. நான் வாய்க்குள்ளேயே கொல்லிமலைச் சாமிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். அது தலையைத் தொட்டிக்குள் விட்டது. பிறகு எடுக்கவே இல்லை. காலியான தொட்டியை மூக்கால் கவிழ்த்து, அடிப்பக்கத்தையும் நக்கியது.

வெள்ளச்சி நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

இரண்டில் ஒன்று

“நம்பறேனுங்க” என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்த உடனே புத்தி போயிற்று. “மாமனுங்ககிட்ட குழந்தை இல்லைன்னு மட்டும் சொல்லு புள்ள. இந்தப் பன்னி சமாச்சாரத்தை விட்டுரு. ஊரு சிரிக்கும்.”

“அப்ப அந்த மருந்து வாசம் எங்கிருந்து வந்துதுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?”

நான் பன்றியைப் பார்த்தேன்.

“ரெண்டே வழிதானுங்க. பன்னியைச் சொல்லலைன்னா நீங்க பொண்ணை மறைச்சு வெச்ச அயோக்கியன். சொன்னா, பன்னிக்குப் பிரசவம் பாத்த கிறுக்கன். எதைச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க.”

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதன் யோசிக்கலாமா? நான் யோசித்தேன். வெட்கக்கேடு, வெகுநேரம் யோசித்தேன். சந்தையில் நாலு நாட்டுக்காரர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கண்முன் வந்தது. இனி யார் என்னிடம் நாடி காட்டுவார்கள்? அயோக்கியன் என்றால் ஊர் திட்டும், திட்டிவிட்டு மறந்துவிடும். கிறுக்கன் என்றால் மறக்காது, பேரன் காலத்திலும் சொல்லிச் சிரிக்கும். அயோக்கியனுக்கு ஒரு மரியாதை உண்டு என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. சரிவில் அவள் தலை மட்டும் தெரிந்தது.

அடிபட்ட காலோடு ஓடினேன். ஓடினேன் என்பதைவிட, சரிவில் உருண்டேன் என்று சொல்வது சரி.

“கிறுக்கன்னே சொல்லிரு புள்ள” என்று கத்தினேன். “கருப்பட்டியையும் சேத்துச் சொல்லு. பன்னித் தொட்டில எடுத்துத் தின்னதையும் சொல்லு. ஒண்ணையும் விடாத.”

அவள் நின்றாள். “நான் எல்லாத்தையும் சொல்லறதாத்தான் இருந்தேன். நீங்க வாயைத் திறந்து சொல்றீங்களான்னு பாத்தேன். இதுக்கு இத்தனை நேரமுங்களா? இருட்டறதுக்குள்ள நான் ஊடு போயிச் சேர வேண்டாமா?”

அவள் போய்விட்டாள். அடுத்து வந்த நாட்களில் நான் மருந்து காய்ச்சவில்லை. அவள் மாமன்மாரிடம் என்ன சொன்னாள், அவர்கள் என்ன சொன்னார்கள், ஒன்றும் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. பன்றி மட்டும் வழக்கம்போல் பலாப்பழம் தின்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டது.

ஒரு காலையில் சடையன் கவுண்டர் தனியாக வந்தார். முறித்துக்கொள்ளத்தான் தனியாக வருவார்கள் என்பார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. உதடு துடித்தது. மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் ராமாயி அக்கா வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின.

அப்பா மரம் சீவுவதை நிறுத்தினார். அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“கவுண்டரே, கல்யாணம் உண்டுங்களா இல்லீங்களா, அதை மட்டும் சொல்லிப்போட்டு அப்பறம் சிரிங்க. பையன் சோறு தின்னு நாளாச்சு.”

“உண்டுங்க” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பன்னி ரெண்டு தோளுதானாமே. பரவாயில்லீங்க. நாலு பேரு தூக்குவோம். நானும் ஒரு தோளு குடுக்கறேன்.”

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

என்னைப் பார்த்து ஊர் சிரிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். இன்னும் ஓயவில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை.